ஒன்பது பேர் தங்கம் என்றார்கள், ஒருவர் மட்டும்...

வாசகர் கேள்வி – பதில்

‘ஒருவரைப் பற்றிக் காதில் விழும் நல்லதும் கெட்டதும் நம் மனதில் எப்படி எடை போடப்படுகின்றன?’ இந்தத் தலைப்பில் கேள்விகள் கேட்டிருந்தோம். ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கமிருந்துதான் கடிதங்கள் அதிகம். அவற்றில் பாதி கல்யாண விசாரிப்பைப் பற்றியவை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

மாப்பிள்ளை பையனைப் பத்திப் பத்துப் பேர்கிட்ட விசாரிச்சமுங்க. ஒம்பது பேர் தங்கமான பையன்னாங்க. ஒருத்தர் மட்டும் ‘கோவக்காரன், பாத்துச் செய்யுங்க’ன்னு சொல்லிட்டாருங்க. அதுல இருந்து எங்க வீட்டுக்காரர் இந்த எடமே வேண்டாமுங்கறார். ஒம்பது பெருசா, ஒண்ணு பெருசா?
– ஒரு தாயார், கோபிசெட்டிபாளையம்

தலையை எண்ணி முடிவு கட்டுகிற விஷயம் இல்லைங்க இது. முதலில் அந்த ஒன்பது, நிஜமாகவே ஒன்பதுதானா என்று பாருங்கள். அதில் மூன்று பேர் பையன் வீட்டுப் பங்காளிகள், இரண்டு பேர் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள், ஒருவர் தரகர் என்றால், ஒரே சேதி ஆறு வாய் வழியாக வந்திருக்கிறது. கல்யாண விசாரிப்பில் நல்லது சொல்ல யாருக்கும் செலவில்லை. ‘நம்ம பேச்சால ஒரு கல்யாணம் நின்னு போச்சுங்கற பேர் எதுக்கு’ என்று, பையனைச் சரியாகத் தெரியாதவர்கள்கூட ‘நல்ல பையனுங்க’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதனால் அந்தப் புகழ்ச்சியில் அடங்கியிருக்கும் தகவல் குறைவு. குறை சொல்பவர் தன் பெயரையும் உறவையும் பணயம் வைத்துச் சொல்கிறார். உங்கள் வீட்டுக்காரர் மனது அந்த ஒரு சொல்லில் நின்றுவிட்டதில் தப்பில்லை. அந்தச் சொல்லை விசாரிக்காமலே முடிவுக்கு வந்ததுதான் தப்பு.

சொன்னவருக்கும் பையன் வீட்டாருக்கும் வரப்புத் தகராறு, கிணற்றுப் பங்கு, கொடுக்கல் வாங்கல், முன்பு ஒரு சம்பந்தம் பேசி நின்றுபோனது என்று ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அவர் சொன்னது பொய்யாகிவிடாது. ஆனால் இன்னொரு வாயால் உறுதிப்படாமல் அதை ஏற்கக்கூடாது.

அடுத்து, ‘கோவக்காரன்’ என்பது நடந்த சம்பவம் இல்லை, ஒருவர் ஒட்டிய சீட்டு. அதைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். எப்போது பார்த்தீர்கள், யார் மேல் கோபப்பட்டார், என்ன செய்தார், மறுநாள் எப்படி இருந்தார்? இந்த நான்கும் போதும். செங்கல் லோடை வாய்க்காலில் கொட்டிவிட்டுப் போன லாரிக்காரரைச் சத்தம் போட்டார் என்று பதில் வரலாம். கூலிக்கு வந்த பெரியவரைக் கை நீட்டினார் என்றும் வரலாம். இரண்டுக்கும் சீட்டு ஒன்றுதான், மனிதர்கள் வேறு. கோபத்தைத் தனக்கு மேலே இருப்பவரிடம் யாரும் எளிதில் காட்டமாட்டார்கள். அதனால் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர், ஹாஸ்டலில் கூட இருந்த ஜூனியர், வண்டி ஓட்டுபவர் ஆகியோரைக் கேளுங்கள்.

விசாரிக்கிற விதமும் முக்கியம். ‘பையன் குடிப்பாராமே?’ என்று கேட்காதீர்கள். 1981இல் உளவியலாளர் டேனியல் வெக்னர் குழுவினர் ஒருவரைப் பற்றிய செய்தித் தலைப்புகளைக் காட்டிச் சோதித்தார்கள். ‘இவருக்கு இந்தத் தப்பில் தொடர்பு உண்டா?’ என்று வெறும் கேள்வியாக இருந்த தலைப்பே, ‘தொடர்பு உண்டு’ என்று அடித்துச் சொன்ன தலைப்பின் அளவுக்குக் கிட்டத்தட்டப் பெயரைக் கெடுத்தது. நீங்கள் டீக்கடையில் கேட்டுவிட்டு வந்த கேள்வி, சாயங்காலத்துக்குள் ‘குடிக்கிறானாமா’ என்று ஊரைச் சுற்றி வரும். வந்து உங்கள் காதிலேயே விழுந்தால், இரண்டாவது ஆளும் சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொள்வீர்கள். ‘ஞாயித்துக்கிழமையானா யார்கூட இருப்பார், என்ன பண்ணுவார்?’ என்று திறந்த கேள்வியாகக் கேளுங்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் திண்ணையில் முதலில் பேசுபவர் சொன்னதைத்தான் மற்றவர்கள் வழிமொழிவார்கள். ஒரே சம்பவத்தை இரண்டு பேர் அவரவர் வார்த்தையில் சொன்னால் கனம் கொடுங்கள். இரண்டு பேரும் அச்சடித்தமாதிரி ஒரே வார்த்தையைச் சொன்னால், மூலம் ஒன்றுதான்.

கடைசியில் பையனிடமே கேட்டுவிடலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. அடிக்கிற பழக்கம், முந்தைய திருமணத்தை மறைத்தது, பணம் கேட்டு மிரட்டியது போன்றவை சரிபார்த்து உறுதியானால், எதிரே தொண்ணூறு பாராட்டு இருந்தாலும் அந்த ஒன்று போதும். கிடைத்த சேதி எதுவாக இருந்தாலும் பெண்ணிடம் மறைக்காதீர்கள். வாழப்போவது அவர்.

பனியன் ஜாப் ஒர்க் யூனிட் வெச்சிருக்கேன். ஆறு வருசமா நம்பிக்கையா இருந்த டெய்லர் ஒருத்தர் போன வாரம் பீஸ் கணக்கைக் கூட்டி எழுதியிருக்கார். அன்னியிலிருந்து அவர் மூஞ்சியப் பாக்கவே பிடிக்கலைங்க. இன்னொருத்தர் மாசம் ரெண்டு தடவை டேமேஜ் பண்றார், அவர் மேல எனக்கு அவ்வளவு கோவம் வரலை. நான் செய்யறது நியாயமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

உங்களுக்கு மட்டும் இல்லை, எல்லோர் மனதும் இப்படித்தான் கணக்குப் போடுகிறது. 1987இல் ஸ்கவ்ரான்ஸ்கி, கார்ல்ஸ்டன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை ஆராய்ந்து எழுதினார்கள். நேர்மை விஷயத்தில் கெட்ட செயல் அதிகம் பேசுகிறது, திறமை விஷயத்தில் நல்ல செயல் அதிகம் பேசுகிறது என்பது அவர்கள் கண்டது. காரணம் எளிது. கணக்கில் கை வைப்பவர்கூட முக்கால்வாசி நாள் ஒழுங்காகத்தான் எழுதுவார்; அதனால் ஒழுங்காக எழுதிய ஒரு நாள் அவர் எப்படிப்பட்டவர் என்று காட்டிக்கொடுப்பதில்லை. கூட்டி எழுதிய ஒரு நாள் காட்டிக்கொடுக்கிறது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. தொழிலில் இது தலைகீழ். பனியன் கழுத்துப் பட்டியை (ரிப்) வைத்துத் தைப்பதில் கைதேர்ந்தவருக்கும் ஒரு நாள் இழுத்துக்கொண்டு போகலாம். ஆனால் தைக்கத் தெரியாதவர் தற்செயலாகக்கூட ஒரு கழுத்தைச் சுருக்கமில்லாமல் உட்கார வைத்துவிட முடியாது. நல்ல பீஸ் ஒன்றே அவருக்குத் தொழில் தெரியும் என்பதற்குச் சாட்சி.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. அது நடந்தது ஏமாற்றா, பிசகா என்று பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும். ஆறு வருட ஆளை இழப்பதற்கு முன் தயவுசெய்து இதைப் பாருங்கள். அன்றைய பண்டல் சீட்டுகளை (துணிக்கட்டோடு வரும் எண்ணிக்கைச் சீட்டு) எடுத்து, கட்டிங்கில் கட்டிக்கொடுத்த எண்ணிக்கையோடு ஒட்டிப் பாருங்கள். செக்கிங்கில் குறை கண்டு திருத்தித் தைக்க (ஆல்டர்) திரும்பி வந்த பீஸை இரண்டாம் தடவையும் எண்ணியிருக்கலாம். சைஸ் மாறி அடுத்த மெஷின் பண்டல் சீட்டு இவர் நோட்டில் ஏறியிருக்கலாம். அடுத்து, அவருடைய கடந்த மூன்று மாதக் கணக்கைப் புரட்டுங்கள். பிசகு என்றால் இரண்டு பக்கமும் போகும்: ஒரு நாள் நான்கு கூடியிருக்கும், இன்னொரு நாள் மூன்று குறைந்திருக்கும். ஏமாற்று ஒரே பக்கம்தான் போகும், எப்போதும் அவருக்கு லாபமாக. தனக்கு நட்டமாகவும் தப்பாக எழுதியிருக்கிற ஆள் என்றால், அவருக்கு வேண்டியது எண்ணித்தர ஒரு ஹெல்பர். உங்கள் கோபம் இல்லை.

ஏமாற்றுதான் என்று உறுதியானால்? தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள், லைனில் எல்லோர் முன்னாலும் வேண்டாம். வேலையில் வைத்துக்கொள்வதாக இருந்தால் கணக்கில் இரண்டாவது கையெழுத்து கட்டாயம். நம்பிக்கை திரும்ப நாளாகும். வெறும் நாள் கணக்கிலும் அது திரும்பாது. தப்புச் செய்ய வழியில்லாத இடத்தில் அவர் ஆறு மாதம் ஒழுங்காக இருந்தாலும் உங்களுக்குப் புதிதாக எதுவும் தெரிந்துவிடாது. ஒரு நாள் அவரே வந்து, ‘இந்தச் சீட்டுல எனக்கு ரெண்டு பீஸ் கூட ஏறியிருக்குங்க, அடிச்சிருங்க’ என்றால், அந்த ஒரு நாள் ஆறு மாதத்துக்குச் சமம். தன் கைக்காசு போகும் இடத்தில் காட்டும் நேர்மைக்குத்தான் எடை. அப்படி நடந்தால் கவனிக்காததுபோல் இருந்துவிடாதீர்கள்.

டேமேஜ்காரர் விஷயத்தில், இரண்டு தடவையும் ஒரே மெஷினா என்று பார்த்துவிடுங்கள். ஊசி மழுங்கியிருந்தால் ஓட்டை விழுவது ஆளின் குறை இல்லை.

வேலைக்கு ரெஸ்யூம் தயார் பண்ணுகிறேன். பெரிய சாதனை இரண்டு இருக்கிறது. பள்ளியில் வாங்கிய ஓட்டப்பந்தயச் சான்றிதழ், இரண்டு நாள் ஒர்க்‌ஷாப் எல்லாம் சேர்த்தால் கூடுதல் பலம்தானே?
– ஒரு மாணவர், கோயம்புத்தூர்

நீக்கிவிடுங்கள். படிப்பவர் மனது கூட்டல் போடுவதைவிடச் சராசரி போடுகிறது என்று உளவியலாளர் நார்மன் ஆண்டர்சன் 1965இல் காட்டினார். பத்துக்கு 9 பெறும் குணங்கள் இரண்டை மட்டும் சொன்னால் சராசரி 9. கூடவே 6 பெறும் இரண்டைச் சேர்த்தால் கூட்டல் 30 ஆகும், சராசரி 7.5க்கு இறங்கும். அவர் சோதனையிலும் ஒருவரை வருணித்த மிக நல்ல இரண்டு சொற்களோடு சுமாரான நல்ல சொற்கள் இரண்டைச் சேர்த்தபோது மதிப்பு கூடவில்லை, கொஞ்சம் குறைந்தது. அதே தரத்தில் இன்னும் இரண்டு சேர்த்தால் கூடியது. எனவே 9க்கு நிகரானது இருந்தால் சேருங்கள். பாலில் தண்ணீர் ஊற்றினால் செம்பு நிறையும், அவ்வளவுதான்.

எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதுசா ஒரு டீச்சர் வர்றாங்க. ‘ரொம்ப விறைப்பு, யார்கிட்டயும் ஒட்டமாட்டாங்க’ன்னு அவங்க வர்றதுக்கு முன்னயே பேச்சு வந்திருச்சு. பாடம் நல்லா நடத்துவாங்களாமா. முன்கூட்டியே கேட்ட பேச்சு அவ்வளவு பாதிக்குமா?
– ஒரு பெற்றோர், அந்தியூர்

பாதிக்கும், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. 1946இல் சாலமன் ஆஷ் செய்த சோதனையில் இரண்டு குழுவுக்கு ஒரே ஆளை வருணித்தார்கள்: புத்திசாலி, திறமைசாலி, உழைப்பாளி, உறுதியானவர், நடைமுறை தெரிந்தவர், நிதானமானவர். நடுவே ஒரு சொல் மட்டும் மாறியது. ஒரு குழுவுக்கு ‘பாசமானவர்’, இன்னொரு குழுவுக்கு ‘ஒட்டாதவர்’. பாசமானவர் என்று கேட்டவர்களில் 91 சதவீதம் பேர் அவரைத் தாராள மனசுக்காரர் என்றார்கள். ஒட்டாதவர் என்று கேட்டவர்களில் 8 சதவீதம். அந்த இடத்தில் ‘மரியாதையானவர்’, ‘முகத்துக்கு நேரே பேசுபவர்’ என்ற சொற்களை மாற்றிப் போட்டபோது 56க்கு 58, வித்தியாசமே இல்லை. ஆகவே எந்தக் குறை என்பதைப் பொறுத்தது. ‘முகத்துக்கு நேரே பேசுவார்’ என்று பெயர் வந்திருந்தால் இவ்வளவு கெடுத்திருக்காது.

பலரும் விட்டுவிடுகிற பாதி ஒன்று இதே சோதனையில் இருக்கிறது. அந்த ஆள் நேர்மையானவரா என்று கேட்டபோது ஒரு குழுவில் 98 சதவீதம், மறு குழுவில் 94 சதவீதம் ஆம் என்றார்கள். ஒட்டாதவர் என்ற பேச்சு நேர்மையின் மேல் கறை போடவில்லை.

பேச்சோடு நின்றால் பரவாயில்லை, அது நம் நடத்தையை மாற்றிவிடுகிறது. 1950இல் ஹெரால்ட் கெல்லி ஒரு வகுப்புக்குப் புது ஆசிரியரை அனுப்பும் முன் மாணவர்களுக்குக் குறிப்புச் சீட்டுக் கொடுத்தார். பாதிச் சீட்டில் ‘பாசமானவர்’, மீதியில் ‘ஒட்டாதவர்’; மற்றபடி ஒரே வாசகம். ஒரே அறை, ஒரே பாடம். பாசமானவர் என்று படித்தவர்களில் 56 சதவீதம் பேர் விவாதத்தில் வாயைத் திறந்தார்கள், மற்றவர்களில் 32 சதவீதம்தான். உங்கள் ஊரில் இது எப்படி நடக்கும் என்று பாருங்கள். விறைப்பானவர் என்று கேட்டுவிட்டுப் பெற்றோர் கூட்டத்துக்கு நான்கு பேர்தான் போவீர்கள். போனவர்களும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து வருவீர்கள். வெறும் பெஞ்சைப் பார்த்துப் பேசுகிற யாரும் சிரித்துப் பேசமாட்டார்கள். ‘பாத்தியா, சொன்ன மாதிரியே இருக்காங்க’ என்று ஊர் முடிவு கட்டிவிடும்.

முதல் மாதத்தில் ஒரு தடவை நேரில் போய், குழந்தையின் படிப்பைப் பற்றித் தெளிவாக ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள். பதிலை வீட்டுக்கு வந்து குறித்து வையுங்கள்: அவர் சொன்னது என்ன, செய்தது என்ன என்று மட்டும். ‘சிடுசிடுன்னு இருந்தாங்க’ என்று எழுதாதீர்கள். மூன்று தடவை ஆனபிறகு எடுத்துப் பாருங்கள். குழந்தையிடம் மட்டும் அந்தப் பேச்சைச் சொல்லிவிடாதீர்கள். ஒரு வருடம் முழுக்க அந்த வகுப்பில் உட்காரப்போவது அது.

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் மற்றவர்களைப் பற்றிக் குறையே சொல்லிக்கொண்டிருப்பார். அவர் சொல்லும் ஆட்களைவிட அவர் மேல்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது. ஏன்?
– ஒரு வாசகி, கரூர்

சொன்ன குணம் சொன்னவர் மேலேயே ஒட்டுகிறது. 1998இல் ஸ்கவ்ரான்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதித்துக் காட்டினார்கள். அடுத்தவரைக் கஞ்சன் என்று சொல்பவரின் முகத்தோடு ‘கஞ்சன்’ என்ற சொல் கேட்பவர் மனதில் சேர்ந்து பதிந்துவிடுகிறது. நாள் கழித்துப் பார்க்கும்போது இவரே கஞ்சனாகத் தெரிகிறார். நல்லது சொன்னாலும் அப்படியே ஒட்டும். ஆனால் உங்கள் சந்தேகத்துக்கு இது ஆதாரம் ஆகாது. அவர் சொல்வதில் உண்மையான எச்சரிக்கை இருந்தால் அதைத் தனியே எடுத்துச் சரிபாருங்கள்.

செக்கு எண்ணெய்க் கடை வெச்சிருக்கேனுங்க. மார்கழியில வித்த தேங்காயெண்ணெய் டப்பா அடியில வெள்ளையாத் திப்பி திப்பியா உறைஞ்சிருந்துச்சாமா. ‘டால்டா கலக்கறான்’னு ஒரு வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டாங்க. போட்டவரே தப்புன்னு ஒத்துக்கிட்டு அழிச்சுட்டார். ஆனாலும் மூணு மாசமா யாவாரம் பாதிதான். என்ன பண்ணட்டும்?
– ஒரு கடைக்காரர், வெள்ளகோவில்

அழித்ததால் தீரவில்லை என்பது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 1975இல் லீ ராஸ் குழுவினர் ஒரு சோதனையில் சிலருக்கு ‘நீங்கள் இந்த வேலையில் கெட்டிக்காரர்’, சிலருக்கு ‘உங்களுக்கு வராது’ என்று பொய் மதிப்பெண் கொடுத்தார்கள். பிறகு, அது பொய், முன்னமே எழுதி வைத்தது என்று சொல்லிவிட்டார்கள். அப்படியும் அவர்கள் தங்களைப் பற்றி வைத்த எண்ணம் முழுக்கத் திரும்பவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்தவர்களின் எண்ணமும் திரும்பவில்லை. சேதி போனாலும், அதற்கு மனம் தானே கட்டிக்கொண்ட காரணம் நிற்கிறது. ‘அடியில வெள்ளையா இருந்துச்சே, அது என்ன?’ என்ற கேள்விக்கு உங்கள் வாடிக்கையாளரிடம் இன்னும் ஒரே பதில்தான் இருக்கிறது: டால்டா. அந்த இடத்தை வேறு பதிலால் நிரப்பாமல் ‘இல்லை, இல்லை’ என்று மட்டும் சொன்னால் எடுபடாது. சாப்பிடும் பொருள் என்பதால் அருவருப்பும் சேர்ந்துகொள்கிறது. கிருமி நீக்கிய கரப்பானை ஒரு நொடி முக்கி எடுத்த பழச்சாற்றைக்கூட மக்கள் குடிக்கத் தயங்கினார்கள் என்று பால் ரோஸின் குழுவினர் 1986இல் எழுதினார்கள். கெடுதல் இல்லை என்று தெரிந்தும் கை போகவில்லை.

‘எங்கள் எண்ணெயில் கலப்படம் இல்லை’ என்று போர்டு வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். போகிற வருகிறவருக்கெல்லாம் உங்கள் கடைப் பெயரையும் ‘கலப்படம்’ என்ற சொல்லையும் சேர்த்துக் காட்டிக்கொண்டிருக்கிறது அது. முதல் பதிலில் சொன்ன வெக்னர் சோதனையில் மறுப்புத் தலைப்புகூடக் கொஞ்சம் கறையை விட்டுச் சென்றது.

அதற்குப் பதிலாக நடந்த காரணத்தை எழுதுங்கள். ‘தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழி விடியலில் நம்ம ஊர்க் குளிருக்கு, சீக்கிரம் உறையும் பகுதி முதலில் வெள்ளையாகத் திரண்டு அடியில் தங்கும். வெயிலில் வைத்தால் மறுபடி தெளியும்.’ இவ்வளவு போதும். டால்டா என்ற பேச்சே வேண்டாம். யாராவது கேட்டால் முதலில் காரணம், பிறகு ஒரே தடவை புரளி, மறுபடி காரணம் என்ற வரிசையில் பதில் சொல்லுங்கள்.

கண்ணால் பார்க்கவும் வையுங்கள். கண்ணாடி டம்ளரில் உங்கள் எண்ணெயை ஊற்றி அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் (ஃப்ரீசரில் இல்லை) வைத்து எடுத்தால் முழுக்க உறைந்திருக்கும். கடலை எண்ணெய்போல வேறு எண்ணெய் கலந்திருந்தால் அது உறையாமல் தனி அடுக்காக நிற்கும். பக்கத்திலேயே கலந்த டம்ளர் ஒன்றையும் வையுங்கள். எல்லாக் கலப்படத்தையும் இது காட்டிவிடாது. அதனால் ஒரு மாதிரியை உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் கொடுத்து அறிக்கை வாங்கி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் பக்கத்தில் ஒட்டுங்கள். தப்பை ஒத்துக்கொண்டவர் உங்களோடு பகையில்லை என்றால், அதே குரூப்பில், அதே ஆள், அந்த இரண்டு டம்ளர் படத்தோடு உறைவதற்கான காரணத்தைப் போடச் சொல்லுங்கள். யார் சொல்லிக் கேட்டார்களோ அவரே மாற்றிச் சொன்னால்தான் அந்த முந்நூறு பேரும் படிப்பார்கள். அடுத்த மார்கழி வருவதற்கு முன், கார்த்திகையிலேயே ஒவ்வொரு டப்பாவிலும் இந்த உறையும் சேதியைச் சீட்டாக ஒட்டிவிடுங்கள்.